ஊசிமுனையில் பிறக்கும் பிழைகள்

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பெங்களூரிலிருந்து ஊர் திரும்பும் தமிழரின் பெட்டியைத் திறந்து பார்த்தால், மைசூர்ச் சந்தன சோப்பு இரண்டு கட்டியேனும் அதில் இராமற் போகாது. பெட்டியிலுள்ள துணிமணிகளுக்கெல்லாம் அந்த மணம் ஏறியிருக்கும். வீட்டுப் பெரியவர்கள் கட்டியைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்து, "அசல்தான்" என்று தீர்ப்பளிப்பார்கள். மூக்கு அளிக்கும் இந்தத் தீர்ப்பு வீட்டுக்குப் போதும். வியாபாரத்துக்கும் சட்டத்துக்கும் போதாது. அங்கே அசல் எது, கலப்பு எது என்பதை எண்ணால் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணைத் தருகின்ற யந்திரம் எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது, தவற்றை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதைக் குறித்தே நாம் இங்கே பேச முற்படுகிறோம்.

சந்தன எண்ணெய்க்கும் பெங்களூருக்கும் உள்ள தொடர்பு நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. 1914-ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டபோது, மைசூர் இராச்சியத்தின் சந்தனக் கட்டைகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுவது நின்றுபோயிற்று. கட்டைகள் கிடங்குகளிலே குவிந்தன. அப்போது நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மன்னர், விசுவேசுவரய்யா திவான். கட்டையை விற்பதை விட்டு எண்ணெயை நாமே வடித்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. 1909-இல் நிறுவப்பெற்ற பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர்களாயிருந்த சட்பரோ, வாட்சன் ஆகிய இருவரும் அதற்கான முறையை ஆராய்ந்து வகுத்தனர். 1916-இல் எண்ணெய்த் தொழில் தொடங்கிற்று. 1918-இல் சோப்பு வெளிவந்தது.

அக்காலத்திலிருந்து நெடுநாள் வரை, சந்தன மரம் எவருடைய நிலத்தில் வளர்ந்தாலும் அதன்மீது அரசுக்கே உரிமை இருந்து வந்தது. கர்நாடகத்தில் 2001-ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டில் 2002-ஆம் ஆண்டிலும் வனச் சட்டங்கள் திருத்தப்பட்டு, நிலத்துக்குரியவரே மரத்துக்கும் உரியவராயினர். அதன் பின்னர் உழவர் பலர் தங்கள் நிலங்களில் சந்தனக் கன்று நட்டனர். அம்மரத்தின் வயிரம் முற்றப் பதினைந்து, இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அத்தனை ஆண்டுக் காத்திருப்புக்கும் பலன் என்ன என்பதைப் பெரும்பாலும் நிச்சயிப்பது எண்ணெயின் அளவும் அதன் தரமுமே. ஆகவே பரிசோதனைச் சாலையிலிருந்து வரும் ஒரு தாளில் எழுதப்பட்டுள்ள எண், ஒரு குடும்பத்தின் இருபதாண்டு உழைப்பை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்லது.

பழைய பரிசோதனை முறையில், எண்ணெயிலுள்ள ஆல்கஹால் இனப் பொருள்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அளந்து, அவை சாண்டலால் என்று கொண்டு, நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். சேர்த்து அளப்பதால், அந்தக் கூட்டத்துக்குள் வேறு மரத்து எண்ணெயின் ஆல்கஹால் புகுந்திருந்தாலும் தெரியாது. இக்காலத்து முறையோ ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பிரித்து அளப்பது. 2002-ஆம் ஆண்டின் சர்வதேசத் தர அளவு, இந்தியச் சந்தன எண்ணெயில் ஆல்ஃபா சாண்டலால் நூற்றுக்கு 41 முதல் 55 வரையிலும், பீட்டா சாண்டலால் 16 முதல் 24 வரையிலும் இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது. இவ்வாறு பிரித்தளக்கும் முறைக்கு கியாஸ் குரோமட்டோகிராபி என்று பெயர். தமிழில் வாயு வண்ணப்பிரிகை எனலாம். 1952-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜேம்ஸ், மார்ட்டின் என்னும் இரு விஞ்ஞானிகள் இம்முறையை வெளியிட்டனர்.

யந்திரம் வேலை செய்யும் விதத்தை ஓர் உவமையால் விளக்கலாம். பெங்களூர்ச் சிக்பேட்டைக் கடைத்தெருவின் ஒரு முனையில் ஒரு குடும்பத்தார் அனைவரும் ஒரே சமயத்தில் நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைகளில் நாட்டமில்லாத தந்தையார் நேரே நடந்து மறுமுனையை முதலில் அடைவார். துணிக்கடைதோறும் நின்று பார்க்கும் பாட்டியம்மாள் கடைசியாக வந்து சேருவார். யார் எப்போது வந்தார் என்பதைக் கொண்டே மறுமுனையில் நிற்பவர் ஆளை அடையாளம் சொல்லிவிடலாம். முப்பது மீட்டர் நீளமும், கால் மில்லிமீட்டர் உட்குறுக்களவும் உள்ள ஒரு மெல்லிய பிரிகுழாயே இங்குக் கடைத்தெரு. அதன் உட்சுவரில் பூசிய மெல்லிய படலமே கடைகள். ஹீலியமோ நைட்ரஜனோ ஹைட்ரஜனோ ஆவியைத் தள்ளிச் செல்லும். மறுமுனையில் எரியும் சிறு சுடர், வந்து சேரும் ஒவ்வொரு பொருளையும் உணர்ந்து காகிதத்திலே ஒரு முகடாக வரைந்து காட்டும்.

இந்த உவமையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லாரும் ஒரே சமயத்தில் நுழைந்தார்கள், ஒருவரும் விட்டுப்போகவில்லை, வழிப்போக்கர் எவரும் கூட்டத்தில் கலக்கவில்லை என்ற மூன்று நம்பிக்கைகளின்மீதே கணக்கு முழுவதும் நிற்கிறது. நுழைவாயிலில் குழப்பம் நேர்ந்தால், கடைத்தெரு எத்தனை ஒழுங்காயிருந்தும் பயனில்லை.

யந்திரத்தின் நுழைவாயிலுக்கு இன்ஜெக்டர் என்று பெயர், செலுத்துவாய் என்போம். அது பெரும்பாலும் 250 டிகிரி அளவில் சூடாக வைக்கப்பட்டிருக்கும். மேலே செப்டம் எனப்படும் ரப்பர் வில்லை ஒன்று மூடியிருக்கும். அதன் கீழே லைனர் என்னும் கண்ணாடிக் குழல். சிரிஞ்சின் ஊசி வில்லையைத் துளைத்து இறங்கி, ஒரு மைக்ரோலிட்டர் திரவத்தைக் குழலுக்குள் விடும். ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஒரு சொட்டு நீரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. அது கணத்தில் ஆவியாகும். அந்த ஆவியிலும் ஐம்பதில் ஒரு பங்கை மட்டும் பிரிகுழாய்க்குள் அனுப்பி, மிச்சத்தை வெளியே கழித்துவிடுவது வழக்கம். இத்தனை சிறிய அளவில், ஒரு நொடிக்குள் நடந்து முடியும் காரியத்தில் நேரும் சிறு தவறும் முடிவில் பெரிதாகத் தெரியும். இத்தவறுகளைக் குறைதல், திரிதல், கலத்தல் என்று மூவகையாகப் பிரித்துக்கொண்டால் காரணம் தேடுவது எளிதாகும்.

முதலாவது, குறைதல். எல்லா முகடுகளும் ஒரே விகிதத்தில் சிறுத்துக் காணப்படும். அல்லது முகடே தோன்றாது. சிரிஞ்சின் ஊசி அடைபட்டிருக்கலாம். உள்ளே காற்றுக் குமிழி நின்றிருக்கலாம். பலமுறை குத்துப்பட்ட செப்டம் கசிந்து ஆவி மேலே தப்பியிருக்கலாம். தானியங்கிக் கருவியாயின், குப்பியில் திரவம் குறைந்து ஊசிமுனை எட்டாமற் போயிருக்கலாம். முகடுகள் சிறுப்பதோடு, அவை வழக்கமான நேரத்துக்குப் பிந்தியும் வருமாயின், செப்டத்திலோ இணைப்பிலோ கசிவு இருப்பதாக முதலில் ஐயுறலாம். கசிவினால் அழுத்தம் குறைந்து, வாயுவின் ஓட்டம் தளர்ந்திருக்கும். நேரம் மாறாமல் அளவு மட்டும் குறைந்தால், சிரிஞ்சையும் பிரிவு விகிதத்தையும் பார்க்க வேண்டும். முகடே வராவிட்டால், சுடர் அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நலம். குளிர்ந்த பளபளப்பான உலோகத் துண்டு ஒன்றைச் சுடரின் வாய்க்கு மேலே சற்றுப் பிடித்தால், சுடர் எரியுமாயின் நீராவி படிந்து மங்கும்.

சந்தன எண்ணெய்ப் பரிசோதனையில், வெளிவந்த பொருள்களின் கூட்டுத்தொகையை நூறாகக் கொண்டு கணக்கிடுவதால், எல்லாம் ஒருசேரக் குறைந்தால் விகிதம் அதிகமாக மாறாது. மருந்துப் பரிசோதனையிலோ நிலைமை வேறு. பெங்களூரைச் சுற்றிலும், அங்கலேசுவரம், பத்தி, ஹைதராபாத் முதலிய இடங்களிலும் மருந்துத் தொழிற்சாலைகளில் நம் இளைஞர் பலர் இப்பணியில் இருக்கின்றனர். மருந்து தயாரிக்கும்போது பயன்பட்ட கரைப்பான் மருந்திலே எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை அவர்கள் அளக்கிறார்கள். மெத்தனால் பத்து லட்சத்தில் 3,000 பங்குக்கு மேற்படலாகாது. பென்சீன் 2 பங்குக்கு மேற்படலாகாது என்பது சர்வதேச விதி. இந்தப் பரிசோதனைக்கு, மூடிய குப்பியைச் சூடாக்கி, மேல்வெளியில் நிற்கும் ஆவியை எடுத்துச் செலுத்துவதே பெருவழக்கு. குப்பியின் மூடி சரியாக அழுந்தாமல் கசிந்தால், 3,200 பங்கு இருப்பது 2,900 என்று காட்டக்கூடும். தள்ளப்பட வேண்டிய மருந்து நோயாளியின் கைக்குப் போய்ச் சேரும். குறைதல் என்ற பிழை இங்கே தீயதைத் தப்பவிடுகிறது.

இரண்டாவது, திரிதல். இது நுட்பமானது. மொத்த அளவு சரியாகவே தோன்றும்; ஆனால் பொருள்களுக்கிடையேயுள்ள விகிதம் மாறிவிடும். ஊதுவத்திக்கும் சோப்புக்கும் கூட்டும் நறுமணக் கலவையை எடுத்துக்கொள்வோம். அதிலே எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த லிமோனீன் 176 டிகிரியில் கொதிப்பது. சாண்டலால் ஏறக்குறைய 300 டிகிரியில் கொதிப்பது. ஊசியை மெதுவாக இறக்கி, மெதுவாகத் தள்ளினால், ஊசி உள்ளேயே சூடேறி, எளிதில் ஆவியாகும் லிமோனீன் முழுவதும் வெளிவந்துவிடும். கனத்த சாண்டலால் ஓரளவு ஊசிக்குள்ளேயே தங்கி, ஊசியோடு வெளியே போய்விடும். படத்தில் சந்தனம் குறைந்து தோன்றும். கலவை கூட்டியவர் சந்தனத்தில் கைவைத்தார் என்று பழி சுமத்த இது போதும். உண்மையில் கைவைத்தது ஊசி. விரைவாகவும் ஒரே சீராகவும் செலுத்துவதும், லைனருக்குள் சிறிது கண்ணாடிப் பஞ்சு வைத்து ஆவியாதலைச் சீராக்குவதும், தெரிந்த விகிதத்தில் கூட்டிய கலவை ஒன்றை அன்றன்று செலுத்தி ஒப்பிடுவதும் இதற்குப் பரிகாரம்.

லைனரில் அழுக்குச் சேர்ந்தாலும் விகிதம் திரியும். அந்த அழுக்கிலும், பூச்சுத் தேய்ந்த கண்ணாடியிலும் ஆல்கஹால் இனப் பொருள்கள் ஒட்டி ஒட்டி விடுபடும். சில சிதைந்தும் போகும். அப்போது முகடுகள் நேராக இறங்காமல் வால் நீண்டு சரியும். வால் நீண்ட முகட்டின் எல்லை எது என்று தீர்மானிக்க முடியாததால் அளவும் தவறும். லைனரை மாற்றிய பின்னும் வால் குறையாவிட்டால், பிரிகுழாயின் முகப்பில் சிறிதளவு வெட்டி நீக்கி, வெட்டிய முனை நேராக இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, உரிய ஆழத்தில் மீண்டும் பொருத்த வேண்டும்.

மூன்றாவது, கலத்தல். செலுத்தாத பொருளின் முகடு படத்தில் தோன்றும். ஆய்வுக்கூடத்தார் இதைப் பேய் முகடு என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் காரணமின்றி எந்தப் பேயும் வருவதில்லை. முன்பு செலுத்திய எண்ணெயின் மிச்சம் சிரிஞ்சில் இருந்திருக்கலாம். செப்டத்தின் துகள் லைனருக்குள் விழுந்து சூட்டில் கசிந்திருக்கலாம். இவற்றினும் மறைவான காரணம் ஒன்று உண்டு. அது ஆவியின் பெருக்கம். ஒரு மைக்ரோலிட்டர் ஹெக்சேன் 250 டிகிரியிலும் வழக்கமான அழுத்தத்திலும் ஏறத்தாழ 0.2 மில்லிலிட்டர் ஆவியாகும். அதே அளவு தண்ணீரோ ஏறத்தாழ 1.4 மில்லிலிட்டராகப் பெருகும். லைனரின் கொள்ளளவு பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு உட்பட்டது. சிறு பாத்திரத்தில் பால் பொங்கினால் அடுப்பெல்லாம் வழிவது போல, ஆவி லைனரை மீறி வாயுக் குழாய்களுக்குள் புகுந்து படிந்துவிடும். பிறகு வேறொரு பரிசோதனையின்போது மெல்ல மெல்ல வெளிவரும். செலுத்தும் அளவைக் குறைப்பதும், குறைவாகப் பெருகும் கரைப்பானைத் தேர்வதும், இடமகன்ற லைனரைப் பொருத்துவதும் இதற்கு மருந்து.

கலத்தலினால் நேரும் அநீதியை ஒரு கணக்கால் காட்டலாம். ஓர் உழவரின் சந்தன எண்ணெயில் ஆல்ஃபா சாண்டலால் உண்மையில் 42.5 பங்கு என்று கொள்வோம். அது தரமான எண்ணெய். அதற்கு முன்னால் பரிசோதித்த மற்றொருவரின் எண்ணெயில் மலிவான கரைப்பான் கலந்திருந்தது. அதன் மிச்சம் யந்திரத்தில் தங்கியிருந்து, உழவரின் எண்ணெயோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்ந்து வெளிவந்தது. இப்போது மொத்தம் நூற்றைந்து. கணக்கிட்டால் 42.5 என்பது 40.5 ஆகிவிடும். தர எல்லையோ 41. முன்னவர் செய்த கலப்படத்துக்குப் பின்னவர் தண்டனை பெறுகிறார். குறைதல் தீயதைத் தப்பவிட்டது. கலத்தல் நல்லதைக் குற்றவாளியாக்கியது.

இதற்கு நேர்மாறான நிலைமையும் உண்டு. சந்தன எண்ணெயில் ஆமணக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ கலந்திருந்தால், அவை இந்தச் சூட்டில் ஆவியாகிப் பிரிகுழாயைக் கடந்து வரமாட்டா. வந்த பொருள்களை மட்டுமே நூறாகக் கொள்ளும் கணக்கில் அவை தோன்றவே தோன்றா. படம் அழகாக இருக்கும். எண்ணெய் அசல் என்றே தோன்றும். ஆனால் லைனரைக் கழற்றிப் பார்த்தால், கண்ணாடியிலே பிசுக்கு மஞ்சளாகப் படிந்திருக்கும். யந்திரம் சொல்லாத சாட்சியை லைனர் சொல்கிறது. ஆகவே கழற்றிய லைனரைக் குப்பையில் எறியுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் நல்லது. ஐயம் தோன்றினால், அளவறிந்த வேறொரு பொருளை எண்ணெயோடு கூட்டிச் செலுத்தி, வந்தது எவ்வளவு என்று சரிபார்த்தால் மறைந்து நிற்பதன் அளவு வெளிப்படும்.

இனி, பிழையைத் தேடும் வரிசையைச் சொல்வோம். முதலில், எதையும் செலுத்தாமல் யந்திரத்தை ஒருமுறை ஓடவிட வேண்டும். அப்போதும் முகடு தோன்றினால், குற்றம் செப்டத்திலோ லைனரிலோ வாயுவிலோ பிரிகுழாயிலோ உள்ளது. தோன்றாவிட்டால், தூய கரைப்பானை மட்டும் செலுத்த வேண்டும். இப்போது தோன்றினால் குற்றம் சிரிஞ்சிலோ குப்பியிலோ கரைப்பானிலோ உள்ளது. மூன்றாவதாக, தன்மை தெரிந்த மாதிரி ஒன்றை ஐந்தாறு முறை தொடர்ந்து செலுத்தி, எண்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முறைக்கு முறை எண் தாவினால் கசிவையோ சிரிஞ்சையோ நாட வேண்டும். ஒத்திருந்தும் உண்மை அளவினின்று விலகி நின்றால், திரிதலை நாட வேண்டும்.

மாற்றத் தொடங்கும்போது, மலிவானதையும் எளிதானதையும் முதலில் மாற்ற வேண்டும்: சிரிஞ்சு, செப்டம், லைனர், அதன் வளையம், இறுதியில் பிரிகுழாயின் முனை. ஒரு தடவைக்கு ஒன்றுதான். அவசரத்தில் மூன்றையும் ஒருங்கே மாற்றினால் யந்திரம் சரியாகலாம். எதனால் சரியாயிற்று என்பது தெரியாது. அடுத்த மாதம் அதே கஷ்டம் வரும்போது அறிவு ஒன்றும் கூடியிருக்காது. செப்டத்தின் மூடியை மிகையாக முறுக்குவதும் தவறு. இறுகிய ரப்பரை ஊசி துளைக்கும்போது துகள் விழும். வாயு செல்லும் இணைப்புகளில் கசிவு பார்க்கச் சோப்பு நீர் பூசுவது சைக்கிள் டியூபுக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. சோப்பு நீர் உள்ளே இழுபட்டுப் புதிய பேய் முகடுகளை உண்டாக்கும். மின்னணுக் கசிவுமானியே ஏற்றது. எதைக் கழற்றுமுன்பும் செலுத்துவாயையும் அடுப்பறையையும் ஆறவிட்டு, வாயுவை அடைத்துக்கொள்ள வேண்டும். ஹைட்ரஜன் பயன்படுத்தும் இடத்தில் இந்த விதி உயிர்காக்கும் விதி.

செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். செப்டம் எத்தனை குத்துக்குப் பிறகு மாற்றப்பட்டது, லைனர் என்ன நிறத்தில் இருந்தது, மாற்றியபின் முகடு எவ்வாறாயிற்று என்ற மூன்று வரிகள் போதும். இரவு முறைக்கு வருபவர், பகலில் இருந்தவர் என்ன செய்தார் என்று தேடித் தவிக்காதிருப்பார். ஓராண்டு சென்றால், அந்த யந்திரத்தின் குணத்தை எந்தப் புத்தகத்தைக் காட்டிலும் அக்குறிப்பேடு தெளிவாகச் சொல்லும்.

பிறந்த ஊரை விட்டு வெளிமாநிலத்தில் பரிசோதனைச் சாலைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகளின் கையெழுத்து, அவர்கள் ஒருபோதும் காணாத மனிதர்களின் வாழ்க்கையைத் தொடுகிறது. கோலாரிலோ ஜவ்வாது மலையடியிலோ சந்தனம் வளர்த்த ஒருவர், அந்தத் தாளுக்காகக் காத்திருக்கிறார். எங்கோ ஒரு மருத்துவமனையில் ஒரு நோயாளி, அந்தக் கையெழுத்தை நம்பி மாத்திரையை விழுங்குகிறார். "இந்த எண்ணெய் கலப்படம்" என்றோ "இந்த மருந்து தூயது" என்றோ எழுதுமுன், ஊசியும் வில்லையும் குழலும் குற்றமற்றவையா என்று ஒருமுறை விசாரித்தறிவது கடமை. அந்த விசாரணைக்கு வேண்டியது அரைமணி நேரமும், வெறுமையாக ஓடவிட்ட ஓர் ஓட்டமும், தூய கரைப்பான் ஒரு மைக்ரோலிட்டருமே.